காதோடு ஓர் ஆட்சேபம்

கேடயத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரேக் அக்கா படித்தாள். ‘கழகத்திலிருந்து விடைபெறும் சகோதரிக்கு நன்றியுடன்.’ பக்கத்தில் பல் டாக்டர் தன் முப்பத்திரண்டும் தெரிய போட்டோவுக்கு நின்றார். சேவைக் கழகத்துக்கு அந்த வருடத் தலைவர் அவர்தான். கீழே நாற்பது குடும்பங்கள் கைதட்டின. கழகத்தின் குடும்ப மாலைகளில் எந்த மேசை எப்போது கைதட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது அக்காவின் வேலை. அன்றைக்குத்தான் யாரும் சொல்லாமலே தட்டினார்கள்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“நான் எங்கயும் போகலையே. யாரு விடைபெறுறா?”

மண்டபம் சிரித்தது. மாதா மாதம் மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைக்கிறவள்தானே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

“சிரிக்காதீங்க, நிஜமாத்தான் கேக்குறேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விவாகரத்து ஆச்சு. அது எங்க ரெண்டு பேருக்கும் நடந்த விஷயம். உங்க நாப்பது பேரோட எனக்கு எப்ப விவாகரத்து ஆச்சு?”

சிரிப்பு பாதியில் நின்றது. மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த முன்னாள் கணவர், மருந்து மொத்த வியாபாரி, கைத்துடைக்கும் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பல் டாக்டர் மெதுவாக மைக்கை அவள் கையிலிருந்து எடுத்து, “சூப்பு ஆறிடும், எல்லாரும் சாப்பிடலாம்” என்றார். அந்த சூப்பைச் சொல்லி வைத்தவளும் அவள்தான்.

பிரேக் அக்கா என்ற பெயர் அவளுக்குத் தொழிலால் வந்தது. பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் இரண்டு பழைய கார்களோடு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டாள். கற்றவர்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை. தெருவில் அவளைக் கண்டால் நடந்து போகிறவர்கூடக் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார்.

கழகத்துக்கு அவள் வந்தது கல்யாணமான புதிதில். உறுப்பினர் கணவர்; மனைவி ‘துணைவியர் அணி’. அணிக்குத் தனி பேட்ஜ் உண்டு, அதில் கணவர் பெயர் பெரிதாகவும் ‘அவர்களின் துணைவி’ என்பது பொடியாகவும் இருக்கும். கண் சரியில்லாதவர்கள் படித்தால் அவளைக் கணவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சிலர் கூப்பிட்டும் இருக்கிறார்கள். உறுப்பினர்கள் தீர்மானம் போடுவார்கள். துணைவியர் நாற்காலி போடுவார்கள். ரத்த தானமோ மரம் நடுவதோ, மாதக் கடைசியில் குடும்ப மாலையோ, எதுவானாலும் பந்தி முதல் பரிசு வரை துணைவியர் தலையில்தான் விழும். புகைப்படத்தில் மட்டும் ஓரமாக நிற்பார்கள்.

அக்கா அதையும் ரசித்துத்தான் செய்தாள். அவள் மைக் பிடித்தால் தொண்ணூறு வயது ஆளும் இசை நாற்காலி விளையாட வருவார். கணவன்மார்களின் கண்ணைக் கட்டிவிட்டு, கையை மட்டும் தொட்டுத் தன் ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொன்ன மாலையில், மூன்று பேர் அடுத்தவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதான், இதுதான்” என்று அடித்துச் சொன்னார்கள். அந்த மாதம் மூன்று வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆனால் அவளை அந்தக் கழகத்தோடு கட்டிப் போட்டது வேறொன்று. வருடத்துக்கு ஒருமுறை கழகம் கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கே இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பு முகாம் நடத்தும். கணவரோடு துணைவியாகப் போனவளுக்கு முதல் இரண்டு வருடமும் முதலுதவிப் பெட்டியைத்தான் கொடுத்தார்கள். மூன்றாம் வருடம், பேச வேண்டிய ஆசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் இவளை மேடை ஏற்றிவிட்டார்கள்.

பிள்ளைகளின் மொழி அவளுக்குத் தெரியாது. அரைகுறை ஆங்கிலமும் மீதி சைகையுமாகச் சொன்னாள்: “கடைசி நாள் நிகழ்ச்சியை நீங்களே நடத்தணும். பெரியவங்க ஒருத்தரும் மேடை ஏற மாட்டோம். கெட்டாலும் நீங்களே கெடுங்க.”

கெடுத்தார்கள். மைக் செத்துப்போனது. சாப்பாடு வந்து சேரவில்லை. நன்றி சொல்வது யார் என்று இரண்டு பேர் மேடையிலேயே முட்டிக்கொண்டார்கள். கழகத்து ஆண்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து போகப் பார்த்தவர்களைப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டே சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. உங்க கல்யாணத்துல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?” அரை மணி நேரக் குழப்பத்துக்குப் பிறகு, அதுவரை வாயே திறக்காத ஒரு சுருள்முடிப் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று, மைக் இல்லாமலே கூட்டத்தை அடக்கினாள். அதிலிருந்து முகாம் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அக்காதான். ‘கோச்’ என்று கூப்பிடுவார்கள். வருடம் முழுக்க வீடியோவில் வந்து காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி, தேர்தல் தோல்வி எல்லாவற்றையும் கொட்டுவார்கள்.

விவாகரத்துக்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடம் அவர் முடிவு எடுத்தார், இவள் தலையாட்டினாள். பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டு மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள் என்றார் ஒருநாள். இவள் தலையை ஆட்டவில்லை. அவர் அதைத் தாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். வீடு போனதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்த கழகத்தை நினைத்தால் வயிறு எரிந்தது. கேடயம் கொடுத்த அடுத்த வாரமே தீர்மானம் போட்டுவிட்டார்கள்: இனி முகாமை உறுப்பினர்கள் மட்டுமே நடத்த வேண்டும். பல் டாக்டர் தானே போவதாகச் சொல்லி, தலைமைப் பண்பு பற்றி எண்பது ஸ்லைடும் தயார் செய்துவிட்டார்.

நாற்காலி மேல் ஏறிய அந்தச் சுருள்முடி இப்போது அங்கே முகாமின் உள்ளூர் அமைப்பாளர். வீடியோவில் வந்தாள், பேச்சு வழக்கமான அரைகுறை ஆங்கிலத்தில்.

“கோச், ஸ்லைடு வந்துச்சு. இருபதாவது ஸ்லைடுல பாதிப் பேரு தூங்கிட்டாங்க. நீங்க எப்ப வர்றீங்க?”

“என்னை நிறுத்திட்டாங்க.”

“யாரு? நிறுத்தினா நீங்க நிக்கிற ஆளா?”

படிப்புக்காக வெளியூரில் இருக்கும் மகள் போனில் வேறு மாதிரி சொன்னாள். “அம்மா, நீ தனியாவே டிக்கெட் போட்டுப் போயேன். அந்தக் கிளப் உனக்கு எதுக்கு?”

“எதுக்கா? அந்தக் கிளப்புல பாதி நான் கட்டினது. திருட்டுத்தனமா கொல்லைப்புறமா ஏன் போகணும்? வாசல் வழியாத்தான் போவேன்.”

வாசல் என்றால் உறுப்பினர் ஆவது. பெண்கள் சேரக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் துணைவியர் மேசையிலிருந்து எழுந்து போய் உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்தவள் அதுவரை ஒருத்திகூட இல்லை. அவளிடம் வண்டி கற்ற ரொட்டிக்கடைக்காரர் ஓர் உறுப்பினர், அவர் முன்மொழிந்தார். “என்னைச் சுவத்துல மோதாம காப்பாத்தினவங்களுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?” என்றார்.

இங்கேதான் கழகத்தின் விசித்திரமான வழக்கம் குறுக்கே வந்தது. புதிதாகச் சேர விரும்புகிறவரின் பெயரைக் குடும்ப மாலையில் வாசிப்பார்கள். பத்து நாளுக்குள் எந்த உறுப்பினராவது செயலாளரின் காதோரம் வந்து ‘வேண்டாம்’ என்று சொன்னால் போதும், பெயர் விழுந்துவிடும். காரணம் சொல்ல வேண்டாம். சொன்னது யார் என்பதைச் செயலாளர் செத்தாலும் வெளியில் விடக் கூடாது. யார் மனமும் புண்படக் கூடாது என்று ஆதியில் நல்லெண்ணத்தோடு வைத்த வழக்கமாம். அடி வாங்குகிறவனைத் தவிர மற்ற எல்லாருடைய மனத்தையும் காப்பாற்றும் ஊமைக்குத்து இது.

முதல் மாதம் அக்காவின் பெயர் விழுந்தது. யார் வேலை என்று யாருக்கும் சந்தேகமில்லை. மருந்து வியாபாரி அந்த வாரம் பூராவும் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.

விழுந்த பெயரை மறுபடி கொடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அக்கா மறுபடி கொடுத்தாள். அது மட்டுமா, மாலைகளுக்கும் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டாரும் ஒரு விருந்தாளியைக் கூட்டி வரலாம் என்று விதி இருந்தது. செயலாளரின் மனைவி அவளைத் தன் காரில் ஏற்றி வந்தாள். டீயில் நாலு கரண்டி சர்க்கரை போடுகிறவள் என்பதால் அவளுக்கு அணியில் சீனி என்று பெயர். துணைவியர் மேசையில் அக்காவுக்கு வலது கை அவள்தான். “நீங்க இல்லாம எனக்கு ஒரு வாய் இறங்காதுக்கா” என்பாள்.

இரண்டாம் மாதமும் பெயர் விழுந்தது. மூன்றாம் மாதமும் விழுந்தது. அக்காவின் பெயரை வாசிப்பது குடும்ப மாலையின் நிரந்தர அயிட்டமாகிவிட்டது. செயலாளர் தாளை எடுத்தாலே பிள்ளைகள் கூட்டமாக அவள் பெயரைச் சொல்லிக் கத்தின. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வீட்டுக்குப் போனால் அழுகையும் வந்தது. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தை நிரப்பினாள். “விட்டேனா பார்!” என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள், கண்ணாடிக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

நான்காம் மாத மாலை, முகாமுக்குப் போகிறவர்களை வழியனுப்பும் மாலையும்கூட. உறுப்பினர் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். இந்த முறை பெயர் விழுந்தால் அந்த வருட முகாம் போச்சு, பல் டாக்டரும் அவருடைய எண்பது ஸ்லைடும் விமானம் ஏறிவிடும். கழகத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. விருந்தாளிகள் எழுந்து இரண்டு நிமிடம் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அதுவரை, ‘ஓட்டுநர் பள்ளி, வணக்கம்’ என்று சொல்லி உட்கார்ந்தவள், அன்று எழுந்து மைக்கை உயரம் சரிசெய்தாள்.

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்த ரெண்டு நிமிஷத்துல நான் வேற ஒண்ணு கேட்டுக்கறேன். மூணு தடவை என் பேரை விழவச்சாச்சு. யாருன்னு கேக்கல. ஏன்னு கேக்குறேன். நான் சோத்துல கல்லு போட்டேனா? யாரு பிள்ளையையாவது அடிச்சேனா? காதுல சொன்னதை எந்திரிச்சு வாயால சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்.”

எல்லாக் கண்ணும் மூன்றாவது மேசைக்குப் போயின. மருந்து வியாபாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“முதல் தடவை நான்தான் சொன்னேன். கோவத்துல சொன்னேன். மத்த ரெண்டு தடவையும் நான் இல்ல.” கொஞ்சம் தயங்கி, “வேணும்னா இந்தத் தடவை நானே முன்மொழியுறேன்” என்றார்.

அக்கா அவர் காதைப் பார்த்தாள். அவர் பொய் சொன்னால் இடது காது துடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். துடிக்கவில்லை.

“வேண்டாங்க. நீங்க உண்மையச் சொன்னதே போதும். உங்க பேருக்குப் பின்னாடி பத்தொன்பது வருஷம் வந்தாச்சு. இனிமே வரமாட்டேன்.”

“அப்படின்னா மத்த ரெண்டு தடவை யாரு?” என்று ஒரு குழந்தை கேட்டது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

செயலாளர் தட்டிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். “ஆட்சேபத்தைக் காதுலதான் சொல்லணும்னு விதியில இருக்கா? வழக்கம்தானே? இன்னைக்கு எல்லாரும் இங்கதான் இருக்கோம். பேரைப் படிச்சுட்டு சத்தமா கேளுங்க. முடியாதவங்க எந்திரிக்கட்டும்.” பல் டாக்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதியில் அப்படி இல்லை என்று தலையசைத்தார். வேறு வழியில்லாமல் தலைவர் கேட்டார்: “யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?”

உறுப்பினர் மேசைகளில் ஒருவரும் அசையவில்லை. காதோடு சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் பல பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“எனக்கு இருக்கு.”

குரல் துணைவியர் மேசையிலிருந்து வந்தது. எழுந்து நின்றவள் சீனி.

“ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் வேண்டாம்னு சொன்னது இவருதான்.” கணவரைக் கை காட்டினாள். “இவரு காதுல இவரே சொல்லிக்கிட்டாரு. சொல்ல வச்சது நான்.”

மாதா மாதம் காரில் கூட்டி வந்தவள். வழி நெடுக, ‘இந்தத் தடவை கண்டிப்பா கிடைச்சுடும்கா’ என்று சொல்லிக்கொண்டு வந்தவள். “ஏன் சீனி?” என்றாள் அக்கா. மைக் வேண்டியிருக்கவில்லை.

“ஏனா? நீங்க வருஷா வருஷம் முகாமுக்குப் போனீங்க. கோச்சுன்னு பேரு வாங்கிட்டு வந்தீங்க. அந்த மாசமெல்லாம் இங்க மாலைய நடத்தினது யாருக்கா? நான். சேர் போட்டது, சோறு சொன்னது, உங்க மைக்குக்கு ஒயர் சுத்தினது எல்லாம் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மைக்கை என் கையில குடுத்தீங்களா? இப்ப நீங்க அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டா, இந்தப் பக்கம் தட்டு எடுக்கிறவளா நான் மட்டும் மிஞ்சணும். எனக்கு அது பொறுக்கல.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே மூச்சு வாங்கியது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அக்கா மைக்கைக் கொடுத்ததே இல்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. அக்காவுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

பல் டாக்டருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் ஆயிற்று. சங்கடத்திலிருந்து தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. “நீங்க உக்காருங்கம்மா,” என்றார் சீனியிடம், ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசும் குரலில். “நீங்க உறுப்பினர் இல்லையே. உங்க ஆட்சேபம் செல்லாது. உறுப்பினர்கள்ல யாரும் எந்திரிக்கல. அதனால...”

கூட்டம் இறுக்கம் தளர்ந்து மூச்சு விட்டது. யாரோ கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றால் போதும். உறுப்பினர் நாற்காலி, முகாம், சுருள்முடியும் அவள் கூட்டமும், எல்லாம் கைக்கு வந்துவிடும்.

“செல்லும்” என்றாள் அக்கா.

கைதட்டல் நின்றது.

“அவ சொன்னது செல்லும். அவ பேச்சு செல்லாதுன்னா, பத்தொன்பது வருஷமா அதே மேசையில உக்காந்து நான் பேசின எதுவும் செல்லாது. இங்க எந்திரிச்சு நின்னு முகத்துக்கு நேரா சொல்ல முடிஞ்சது அவளுக்கு மட்டும்தான். நீங்க அத்தனை பேரும் காதுக்குள்ளயே குடியிருக்கீங்க.”

“அப்ப இந்த மாசமும் உங்க பேரு விழுந்துடுமே?” பல் டாக்டருக்கு நிஜமாகவே புரியவில்லை. “முகாமும் போயிடும்.”

“போகட்டும். அடுத்த மாசமும் பேரு குடுப்பேன். ஆனா இவ பேரையும் சேர்த்துக் குடுப்பேன். உறுப்பினரா உக்காந்து இவ என்னை எதிர்க்கட்டும். அப்ப யாரும் செல்லாதுன்னு சொல்ல முடியாது.”

மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, ஒயரை இழுத்துக்கொண்டு துணைவியர் மேசைக்குப் போய் சீனியின் கையில் கொடுத்தாள். சீனி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் அவள் அழும் சத்தம்தான் ஒலிபெருக்கியில் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சினாள், அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“என் பேரை அடுத்த மாசம் எதுக்கு? இன்னைக்கே படிங்க” என்றாள். அக்காவைப் பார்த்தாள். “உங்க மேல எனக்குக் கோவம் போகல.”

“போக வேண்டாம்.”

“முகாமுக்குப் போயிட்டு வாங்க. வந்ததும் அடுத்த மாலைக்குச் சேர், சோறு, தட்டு எல்லாம் நீங்க. நான் உக்காந்து சாப்பிடணும். மைக்கும் என்கிட்டதான் இருக்கும்.”

“சரி.”

“முதல் கூட்டத்துலயே உங்களை எதிர்ப்பேன்.”

“எதிரு. நானும் விடமாட்டேன்.”

ரொட்டிக்கடைக்காரர் இரண்டு பேரையும் முன்மொழிந்தார். செயலாளர் எழுந்தார். அக்காவின் பெயரைத் தடையில்லாமல் வாசித்தார். மூன்று மாதப் பழக்கம். அடுத்த பெயருக்கு வாய் வரவில்லை. வீட்டில் ‘ஏய்’, வெளியில் ‘என் துணைவி’ என்று சொல்லிச் சொல்லி, மனைவியின் பெயரை அந்த மண்டபத்தில் அவர் ஒருமுறையும் உச்சரித்ததில்லை. இரண்டு தடவை திக்கி, மூன்றாவது தடவை முழுதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“ஆட்சேபம் இருக்கிறவங்க எந்திரிச்சு நில்லுங்க” என்றார் பல் டாக்டர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

மண்டபத்தில் அந்த இரண்டு பெண்களைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை.